லையல் ஏற்றம்

ஓல்ட் கோஸ்ட் ரோடு என்ற மலைச் சைக்கிள் தடத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேராகக் கோஸ்ட் லேக் குடிலுக்குத் தாவிவிடுகிறார்கள். பாறை விளிம்பில் நிற்கும் அந்தக் குடில், அதற்குக் கீழே சுருண்டு சுருண்டு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் ஸ்கைலைன் முகடு. படமெடுக்கத் தோதான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 85 கிலோமீட்டர் தடத்தில் முதல் 18 கிலோமீட்டரை, லையலிலிருந்து லையல் சேடில் குடில் வரை காட்டுக்குள்ளேயே ஏறும் பகுதியை, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய தண்டனை என்றே பேசுகிறார்கள். இந்த விஷயத்தில் நான் நேரெதிர்க் கட்சி. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அனேகமாக அதற்கு வெளியிலும், ஒரு மலைச்சரிவை இவ்வளவு புரிந்துகொண்டு போட்ட சைக்கிள் தடம் அபூர்வம். அதற்குக் காரணம், அது சைக்கிளுக்காகப் போடப்பட்டதே அல்ல.

1862-இல் லையல் ஓடையில் தங்கம் கிடைத்த பிறகு வந்தவர்கள் வெட்டிய வழி அது. மாவுமூட்டையும் இரும்பும் சுமந்த குதிரை நாள் முழுக்க நிற்காமல் ஏற வேண்டும். குதிரைக்கு மூச்சு வாங்கினால் சரக்கு போய்ச் சேராது. ஆகவே நூறு மீட்டருக்குச் சராசரியாக நாலைந்து மீட்டர், அதற்கு மேல் ஏற விடவில்லை. சரிவு செங்குத்தானால் பாதை விலகிச் சுற்றிக்கொண்டு போகிறதே தவிர, குறுக்கே பாயவில்லை. இதன் பலன் சைக்கிளில் உட்கார்ந்தவர் காலுக்குத் தெரியும். ஒரு கியரைப் பிடித்தால் வெகுதூரம் மாற்ற வேண்டியதில்லை. பெடல் ஒரே சீராகச் சுழல்கிறது. மூச்சு தன் கணக்கைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இன்றைய தடங்களில் ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை ஒரு முட்டு, அதைத் தாண்டியதும் ஒரு சமதளம், மறுபடி முட்டு. ஏற்றம் என்றாலே எரிச்சல் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஏற்றங்களில்தான் பழகியிருக்கிறார்கள்.

ஓரிடத்தில் நின்று பார்த்தால் போதும். பக்கவாட்டு ஓடை ஒன்று பாதையை வெட்டும் இடம். நேராகப் போய்ப் பாலம் போட்டால் தூரம் மிச்சம். அப்படிச் செய்யாமல், பாதை மடிப்புக்குள் உள்வாங்கிப் போகிறது, ஓடையை நெருங்கும்போது ஓர் இம்மி தாழ்கிறது, தாண்டியதும் மறுபடி எழுகிறது. அந்தத் தாழ்வினால்தான் ஓடை பெருகி வழிந்தாலும் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து கீழே விழுந்துவிடுகிறது. வெளி ஓரத்தில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் இல்லாமல் அடுக்கிய கல்சுவர். கற்களின் இடுக்கெல்லாம் பாசி. மேலே பீச் மரத்தின் பொடி இலை உதிர்ந்து டயருக்கடியில் சத்தமில்லாமல் நசுங்குகிறது. மழை அடித்து ஊற்றும் மேற்குக்கரை மலை இது. இங்கே ஒரு பாதை நிற்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். பக்கச் சரிவில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு போகக் கூடாது, அவ்வப்போது சாய்வைத் திருப்பிப் போட வேண்டும் என்று இன்றைய தடக் கையேடுகள் சொல்லித்தரும் விதிகளை, அந்தக் கையேடுகள் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்திருந்தவர்கள் கையால் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் புகழ் முழுக்கத் தங்கம் தேடியவர்களுக்குத்தானா என்றால், இல்லை. இரு முனையிலிருந்தும் தொடங்கிய அந்தச் சாலை நடுவில் சேரவே இல்லை. தங்கம் தீர்ந்ததும் காடு அதை விழுங்கியது. 1929 முர்ச்சிசன் நிலநடுக்கமும் 1968 இனங்காஹுவா நிலநடுக்கமும் சரிவைப் பெயர்த்துப் போட்டன. மொகிஹினுயி-லையல் அறக்கட்டளைக்காரர்கள் இந்த மண்சரிவுகளின் மேல் புதிதாக வழி வெட்டி, பழைய இரு முனைகளையும் இணைத்து, 2015 டிசம்பரில் தடத்தைத் திறந்தார்கள். நான் அவர்களை மெச்சுவது ஒரு கட்டுப்பாட்டுக்காக. மண்சரிவைக் கடக்கும் இடங்களில் பழைய சாய்வையே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இயந்திரம் கையில் இருக்கிறதே என்று வளைவைச் சரித்து, மேடு கட்டி, தங்கள் கைவரிசையைக் காட்டவில்லை.

அந்தக் கைவரிசையை விரும்புகிறவர்கள் நிறைய. கனடாவில் விஸ்லர் சைக்கிள் பூங்காவின் ஏ-லைன் மாதிரி, அலை அலையாய்த் தூக்கிப்போடும் தடம்தான் தடம் என்பது அவர்கள் கட்சி. ஏ-லைனில் பெரிய திறமை இருக்கிறது. ஒவ்வொரு மேட்டின் உயரமும் அடுத்த இறக்கத்தோடு பொருந்துவது விளையாட்டல்ல. என் மனத்தாங்கல் அதன் பிரதிகளோடு. குவீன்ஸ்டவுன் ஆனாலும் ரொட்டோருவா ஆனாலும் கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏற்றிவிட்டு உருட்டிவிடும் பழக்கம் வந்த பிறகு, எந்த மலைக்குப் போனாலும் ஒரே அகலம், ஒரே வளைவு, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துப் பிடித்து விழுந்த ஒரே குலுங்கல். மலை மாறுகிறது, தடம் மாறுவதில்லை. லையல் ஏற்றத்தில் சவால் இல்லை, சலிப்பு என்பது அவர்கள் வாதம். விளம்ப காலத்தில்தான் பாடகரின் சாரீரம் வெளிப்படும் என்று கச்சேரி கேட்டவர்கள் சொல்வார்கள். இதுவும் அந்த வகைதான். வேகம் இருந்தால் தடத்தின் குறை மறைந்துவிடும். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் ஏறும்போது ஒரு தவறான சாய்வு, ஒரு சோம்பேறித்தனமான வளைவு, தண்ணீர் தேங்கும் ஒரு குழி, எதுவும் தப்பாது. பதினெட்டு கிலோமீட்டர் இந்தப் பரிசோதனைக்கு ஈடுகொடுக்கும் பாதையைச் சலிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோட்டார் வைத்த சைக்கிளைப் பற்றியும் கேட்பார்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அந்தக் காடு எட்டாமலே போக வேண்டுமா என்றால், கூடாது. ஆனால் மோட்டார் இருப்பதாலேயே ஏற்றத்தை அவசரமாக முடித்துவிட்டுக் குடிலில் காபி குடிக்கப் போகிறவர், தடத்தின் சிறந்த பகுதியைத் தவறவிட்டுவிட்டே அங்கு போய்ச் சேருகிறார். இன்னொரு கூட்டம் தடத்தின் மறுமுனையான செட்டன்வில்லிலிருந்து தொடங்கி, இந்தப் பதினெட்டைக் கடைசியில் இறக்கமாக அனுபவிக்கலாம் என்கிறது. அந்தச் சாய்வு இறக்கத்துக்கு ஒன்றும் தருவதில்லை. பாய்வதற்குப் போதாது, நிதானிப்பதற்கு அதிகம். மறைந்த வளைவுகளில் மூட்டையோடு நடந்து வருபவர்கள் வேறு. போதாததற்கு, ஸ்கைலைன் மரப்படிக்கட்டில் சைக்கிளைச் சுமந்து இறங்குவதற்குப் பதில் சுமந்து ஏற வேண்டும்.