பெயரற்ற கைவினை: பிராடா ஆடவர் உடைத்தொகுப்பில் கோலாப்பூர்ச் செருப்பு

ஆய்வுச் சுருக்கம்
2025 ஜூன் 22 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் அரங்கேற்றிய ஆடவர் உடைத்தொகுப்பில் இடம்பெற்ற செருப்பை முன்வைத்து, கைவினைக்கும் அணிசேர்க்கைக்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை
பட்டாசும் தீப்பெட்டியும் உருவாகும் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில், பெட்டியின் மேலுறை நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி வரும். மருந்து செலுத்திய கை எவருடையது என்பதைச் சொல்லாது. உயர்விலை உடையுலகிலும் இவ்வழக்கே நிலவுகிறது. அங்குப் பெயரே விலையாவதால் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது.

கைவினை
கோலாப்பூர்ச் செருப்பு மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் எட்டு மாவட்டங்களுக்கு உரியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலை அறுத்து, ஆணியின்றித் தோல்வாராலேயே கையால் தைப்பது இதன் நுட்பம். இவ்வாறு பதனிட்ட தோல் அணிய அணியக் காலின் வடிவுக்கு இணங்கும். ஆகவே இதன் எளிய தோற்றம் பயன்பாட்டிலிருந்து பிறந்தது.

அணிசேர்க்கை
குட்டைக் காற்சட்டை, நார்த் தொப்பி, விளையாட்டு உடை ஆகியன பிராடாவின் தொகுப்பில் கலந்து வந்தன. இறுக்கம் தளர்ந்த அத்தோற்றத்திற்குத் தட்டைச் செருப்பு நன்கு பொருந்தியது. அழகியல் நிலையில் அத்தேர்வு பிழையன்று. ஆயினும் அவ்வெளிமை மேடைக்கெனக் கண்டறியப்பட்டதன்று; தோல்வினைஞர் பல தலைமுறைகளாகக் காத்துவந்தது. நிகழ்ச்சியிலோ அது பொதுவான தோல் செருப்பாகவே சுட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே இந்தியக் கைவினையின் தாக்கத்தை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மதிப்பீடு
சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, புகாரின் வளத்தை விரிக்கும்போது தோல் தைப்போர் உள்ளிட்ட கைவினைஞரையும் உடன் வரிசைப்படுத்துகிறது. பொருளைப் போற்றுங்கால் வினைஞரையும் சுட்டும் இம்முறையை உடைத் திறனாய்வின் அளவுகோலாகக் கொள்ளலாம். 2025 டிசம்பரில் இரு மாநிலத் தோல்தொழில் கழகங்களுடன் பிராடா உடன்பாடு கண்டது. ஏறத்தாழ 800 யூரோ விலையில் 2,000 இணைகள் அப்பகுதிகளிலேயே செய்யப்படும் என அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும் ஊரின் பெயர் ஏற்கப்படுவதும் செய்தவர்க்கு உரிய பங்கு சேர்வதும் ஒன்றல்ல.

முடிவுரை
ஓர் உடைத்தொகுப்பின் வடிவையும் சேர்க்கையையும் மட்டும் மதிப்பிடும் திறனாய்வு, மேலுறையை மட்டும் படித்ததாகவே அமையும். செய்தவர் யார், அவர் பெற்றது என்ன என்னும் இரு வினாக்களும் சேரும்போதே அம்மதிப்பீடு முழுமை பெறும்.