கை தெரிகிறது, முகம் எங்கே?

ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் எடுத்த மியூசிக் வீடியோவைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பறையோடு சேர்ந்த ராப் பாட்டு. எழுதிப் பாடியவன் நம்ம சேரிப் பையன். பறை அடித்தவர் அவனுடைய தாய்மாமா. படம் முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் எழுந்து, இந்த வகைமையின் விதிகளையெல்லாம் மாணவர்கள் உடைத்துவிட்டார்கள் என்று பாராட்டினார். என்ன உடைத்தார்கள் என்றால், பாடுகிறவன் முகம் ஒரு இடத்திலும் வரவில்லை. வாயசைப்பு இல்லை. கேமராவைப் பார்த்து யாரும் பாடவில்லை. கை, குச்சி, நெருப்பு, புழுதி, கால், திரும்பவும் கை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் என்னவோ உறுத்த ஆரம்பித்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டின் நடுவில் பறையைக் காய்ச்சுகிற ஒரு இடம் வருகிறது. வைக்கோல் நெருப்பில் தோலைக் காட்டி, திருப்பி, சுண்டுக்குச்சியால் ஒரு தட்டு. தொளதொள என்று ஒரு சத்தம். மறுபடி நெருப்பு. மறுபடி தட்டு. இப்போது கணீரென்று விழுகிறது. இதற்காகப் பாட்டையே நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் தாளம்கூட இல்லை. வைக்கோல் எரிகிற சத்தம், தூரத்தில் ஒரு நாய், அவ்வளவுதான். மியூசிக் வீடியோ என்பது பாட்டை விற்க வந்த சரக்கு. அதில் பாட்டு நிற்கக் கூடாது, பார்க்கிறவன் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும் என்பது எழுதாத சட்டம். அதை இந்தப் பிள்ளைகள் மீறியிருக்கிறார்கள். மீறியதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இசை வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு முன்னால் ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது என்று அந்த இடம் காட்டிவிடுகிறது. உழைப்பைத் தீட்டென்று ஒதுக்கி, அதன் பலனை மட்டும் கலை என்று எடுத்துக்கொள்கிற புத்தியின் மேல் விழுந்த அடி அது.

ஆனால் முகம்?

க்ளோசப், வாயசைப்பு, கேமராவை நேராகப் பார்த்துப் பாடுவது எல்லாம் வணிகத் தந்திரம், அதனால் உடைக்க வேண்டியது என்கிறார்கள். யாருக்கு? அமெரிக்காவில் எம்.டி.வி. 1981 ஆகஸ்டில் தொடங்கியபோது கறுப்பர்களின் வீடியோவை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் ராக் சானல் என்பது அவர்கள் சொன்ன சாக்கு. 1983இல் டேவிட் போவி அந்தச் சானலுக்குக் கொடுத்த பேட்டியிலேயே இதைக் கேட்டார். அதே வருஷம்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' உள்ளே நுழைந்தது. முகமே வராத இடத்தில் முகம் வருவதுதான் சண்டையாக இருந்தது. 1989இல் பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் த பவர்' பாட்டை ஸ்பைக் லீ எடுத்தார். 1963 வாஷிங்டன் பேரணியின் பழைய செய்திப்படத்தில் தொடங்கி, புரூக்ளின் தெருவில் ஒரு ஊர்வலத்துக்குள் போகிறது. பாடகர்கள் கேமராவைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். வாயசைப்பும் இருக்கிறது. விதியை விடவில்லை. அந்த முகங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தையும், கூட்டத்தின் கையில் தலைவர்களின் முகங்களையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதுதான் கலகம்.

நம்ம கதைக்கு வருவோம். தமிழ் சினிமாவில் பறை அடிக்கிற கையை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! திருவிழாப் பாட்டில், சாவுப் பாட்டில், கதாநாயகன் வருகிற காட்சியில். கை வரும், குச்சி வரும், வெட்டினால் நாயகனின் முகம். அடித்தவன் யாரென்று தெரியாது. 2012இல் 'அட்டகத்தி' வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முகமில்லாத கை என்பது புதிய அழகியல் ஒன்றும் கிடையாது. நமக்கு அது ரொம்பப் பழசு. பேராசிரியர் எதைப் புரட்சி என்று கொண்டாடினாரோ அது ஊர்ப் பழக்கம். முகம் ஏற்கெனவே எல்லா இடத்திலும் நிறைந்திருக்கிறவர்கள் அதை மறைத்தால் அது பரிசோதனை. நாம் மறைத்தால் வழக்கம்.

2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாகச் சென்னையில் மேடையேறியபோது எல்லோரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். கானா பாடுகிறவனுக்கு எதற்குக் கோட்டு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கானா என்றால் லுங்கி என்பதும் ஒரு வகைமை விதிதானே? அதை விதித்தது யார்? மேடைக் கச்சேரியின் பளபளப்பை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அம்பேத்கரின் கோட்டு ஞாபகம் வராமல் இருக்குமா அதைப் பார்த்தால்?

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யும் அப்படித்தான். நிறம், உடை, ஆட்டம், பிரம்மாண்டம், பாப் வீடியோவுக்கு உரிய ஒன்றையும் விடவில்லை. அந்த அலங்காரத்துக்குள் அறிவு கொண்டுவந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை. அதே ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி அட்டை போட்டபோது எழுதிப் பாடிய அறிவின் முகம் அதில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலரும் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. முகம் வெறும் விளம்பரம் என்றால் அதற்கு ஏன் இவ்வளவு போராட வேண்டியிருந்தது?

பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்ப்பா, உன் மூஞ்சியக் காட்டுனா என்ன?"

"க்ளோசப் வச்சா சினிமாப் பாட்டு மாதிரி ஆயிடும், மார்க் வராதுன்னாங்கண்ணா. மாமாவுக்கும் ஒரு க்ளோசப் எடுத்தோம். எடிட்டிங்ல தூக்கிட்டோம்."

மாமா விஷயத்தில் எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. அவர் சாவுக்கு அடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது. பறையைக் கீழே போடு என்று சொன்னதும் நம் இயக்கம்தான், தலைநிமிர்ந்து எடுத்து அடி என்று சொன்னதும் நம் இயக்கம்தான். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. முகத்தைக் காட்டினால் விட்ட தொழிலுக்கு மறுபடி கூப்பிடுவார்களோ, வேலை செய்கிற இடத்தில் சாதி தெரிந்துவிடுமோ என்று அவர் பயந்திருந்தால், கையோடு நிறுத்தியது சரியென்று நானே எழுதியிருப்பேன். ஆனால் அது அவர் எடுத்த முடிவாக இருந்திருக்க வேண்டும். அவரைக் கேட்டீர்களா என்றால் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். செல்போனில் அந்த வீடியோவை ஏற்கெனவே பல தடவை பார்த்திருக்கிறார். எனக்கும் போட்டுக் காட்டினார். காய்ச்சுகிற இடம் வந்ததும் நிறுத்தி, "இந்தச் சத்தத்த நல்லா புடிச்சிருக்கானுங்க" என்றார். பிறகு கட்டைவிரலால் திரையில் அந்தக் கையைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கையின்னு எனக்குத் தெரியுது. வேற யாருக்குத் தெரியும்? சாவுக்கு அடிச்சப்பதான் ஒருத்தனும் மூஞ்சியப் பாக்கல. மருமவன் எடுத்த படத்துலயுமா?"

வெட்டிப் போட்ட அந்த க்ளோசப் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். மார்க் போட்டு முடித்தாகிவிட்டது, இனிமேல் கல்லூரிக்கு அதில் வேலை இல்லை. தேர்வு முடிந்ததும் சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறான் பையன். அந்தப் பத்து நொடியில் மாமா சட்டை போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். வெள்ளைச் சட்டை, தேய்த்தது, அதற்காகவே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாராம்.