நாரைத் தொடாத வைத்தியம்

தொடையிலும் பிட்டத்திலும் தோல் குழிகுழியாகத் தெரிவதைச் செல்லுலைட் என்கிறார்கள். பருவமடைந்த பெண்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. 1978இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர்கள் நூர்ன்பெர்கரும் முல்லரும் இதன் உடற்கூற்றை விளக்கி, இதைக் கற்பித்துக்கொண்ட நோய் என்றே எழுதினார்கள். பெண்களின் தோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நார்ப்பட்டைகள் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக ஓடுகின்றன. இடையிலுள்ள கொழுப்பு மேலே பிதுங்கும்போது நார் பிடித்த இடம் குழிகிறது. நூல் இழுத்துத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை போல. ஆகவே க்ரீமானாலும் ஒளியானாலும் அந்த நாரை எட்டுகிறதா என்பதே கேட்கவேண்டிய முதல் கேள்வி.

க்ரீம்களில் சேர்க்கும் காஃபீன் கொழுப்பணுக்களிலுள்ள கொழுப்பைக் கரையத் தூண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை. ஆனால் தொடையில் தடவியது தோலைக் கடந்து, கொழுப்பைப் போதிய அளவில் சென்றடைய வேண்டுமே! காஃபீனின் உறவுப் பொருளான அமினோபிலின் க்ரீமை 1999இல் ஒப்பீட்டு முறையில் சோதித்தபோது, சொல்லிக்கொள்ளும் பலன் கிடைக்கவில்லை. ரெட்டினால் க்ரீம் சற்று மேல். மாதக்கணக்கில் தடவினால் தோல் கொஞ்சம் தடித்து மேடுபள்ளத்தை ஓரளவு மறைக்கிறது. மறைப்பதற்குமேல் அது எதுவும் செய்வதில்லை.

ஒளிச் சிகிச்சைக்குச் சான்று இல்லாமல் இல்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் போலி ஒளியோடு ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், உண்மையான ஒளி பெற்றவர்களில் பாதிக்குமேற்பட்டோருக்குக் குழிவு ஒரு படியாவது குறைந்தது. இதைப் புறந்தள்ளுவது நியாயமல்ல. ஆனால் அந்த ஒளியின் பெரும்பகுதியைத் தோலின் மேலடுக்கே உறிஞ்சிவிடுகிறது. பெண்களைக் கவனித்ததும் சில வாரங்களே. படத்தை வைத்து மதிப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. விளக்கை உச்சியில் வைத்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும்; நேர் எதிரே வைத்தால் அதே தொடை வழவழப்பாகத் தெரியும். 'முன்', 'பின்' விளம்பரப் படங்களில் இதைச் சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த கருவிதானே என்பார்கள். இத்தகைய பல கருவிகளுக்குக் கிடைத்த அனுமதி, தோற்றம் 'தற்காலிகமாக'க் குறையும் என்பதற்கு மட்டுமே.

அப்படியானால் நாரையே தாக்கலாமே என்று கேட்கலாம். நாரைக் கரைக்கும் க்வோ ஊசி 2020இல் ஒப்புதல் பெற்றது. கடுமையான ரத்தக்கட்டும் நீடிக்கும் தோல் நிறமாற்றமும் கவலை தந்ததால், 2022 டிசம்பரில் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்துவதாக அறிவித்தது. இதோடு பார்க்கையில் க்ரீமின் பலவீனமே அதன் பலம்: பெரிய கெடுதல் செய்யாது. அவரவர் உடல், அவரவர் பணம் என்ற வாதத்தையும் மதிக்கிறேன். ஆனால் உண்மை தெரிந்து வாங்கினால்தான் அது விருப்பம். காஃபீன் ஏற்றிய உள்ளாடை செல்லுலைட்டைக் குறைக்கும் என்று விற்ற இரண்டு நிறுவனங்கள், 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தரச் சுமார் 15 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.