ஆசாரிய உடையும் ‘நிர்வாண’மும்: யாத்திராகமம் 28:42–43இன் தமிழ் வாசிப்பு, கொல்லிமலைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பண்டைய இசுரவேலரின் வழிபாட்டில் ஆசாரியர் அணிய வேண்டிய உள்ளுடை பற்றிய விதி, தமிழ்ச் சூழலில் நாணத்தைப் போதிக்கும் பகுதியாக வாசிக்கப்படுவதுண்டு. அவ்வாசிப்பு மூலப்பனுவலின் அமைப்போடு பொருந்தவில்லை என்பதையும், அதற்கு மொழிபெயர்ப்புச் சொற்களே இடமளிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சைவ மரபின் கச்சம், மேலாடை ஆகியவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆசாரியர், சல்லடம், நிர்வாணம், நாணம், பஞ்சகச்சம், கொல்லிமலை

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இரு வழிபாட்டு மரபுகள் அருகருகே நிலவுகின்றன. ஒன்று, தேவார வைப்புத்தலமாகிய அறப்பள்ளியை மையமாகக் கொண்ட சைவ மரபு. மற்றொன்று, 1913ஆம் ஆண்டளவில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் அம்மலையில் குடியேறி ஆற்றிய பணியின்வழி வேரூன்றிய கிறித்தவ மரபு. ஜெஸ்ஸி 1929இல் அம்மலையிலேயே காலமானார்.

அவர்கள் சார்ந்திருந்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மரபில் பலிபீடமும் இல்லை. ஆசாரிய உடையும் இல்லை. ஆகவே, யாத்திராகமம் விரித்துரைக்கும் ஆசாரிய உடை அம்மரபின் வாசகருக்குச் சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த வழிபாட்டு உடை அயலிலுள்ள கோயிலுக்கு உரியது. ஒன்று உடலை மூடச் சொல்கிறது. மற்றொன்றில் அர்ச்சகரின் மார்பு திறந்திருக்கிறது. இவ்விரண்டையும் நாணம் என்னும் ஒரே அளவுகோலால் அளப்பது எளிது. அந்த அளவுகோல் பொருத்தமானதா என்பதே இங்கு எழும் வினா.

மூலப்பனுவலின் அமைப்பு

யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் ஆசாரிய உடைகளின் நோக்கத்தை மகிமை, அலங்காரம் என்னும் இரு சொற்களால் தொடக்கத்திலேயே வரையறுக்கிறது (28:2). நான்காம் வசனத்தில் மார்ப்பதக்கம், ஏபோத்து, அங்கி முதலியன பட்டியலிடப்படுகின்றன. அப்பட்டியலில் உள்ளுடை இடம்பெறவில்லை. ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் உடுத்தி அபிடேகம் செய்யும் கட்டளை 41ஆம் வசனத்தில் நிறைவுற்ற பின்னரே உள்ளுடை பற்றிய விதி வருகிறது. லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே அவர்களுக்கு உடுத்துவிக்கும்போதும் அது குறிப்பிடப்படவில்லை. மகிமைக்கான உடைகளிலிருந்து அது வேறுபட்ட வகையினது என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

அவ்வகை யாது என்பதற்கு விதியை மீறுவதால் வரும் விளைவே சான்றாகிறது. உள்ளுடையின்றிப் பணிசெய்பவன் வெட்கமடைவான் என்று பனுவல் கூறவில்லை. குற்றம் சுமந்து சாவான் என்றே கூறுகிறது (28:43). இதே மரண எச்சரிக்கை அங்கியின் ஓரத்தில் தொங்கும் மணிகளுக்கும் (28:35), கைகால் கழுவுதலுக்கும் (30:20–21) உரியது. மணியோசைக்கும் நாணத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே உள்ளுடை, மணி, நீர் ஆகிய மூன்றும் தூய எல்லைக்குள் நுழையும் உடலுக்கான காப்புகள் எனக் கொள்வதே பொருத்தம்.

சொல்லாட்சியும் இதற்குத் துணைநிற்கிறது. ஏதேன் தோட்டக் கதையில் ஆடையின்மையைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘அரோம்’, அதனோடு வெட்கப்படுதலைக் குறிக்கும் வினையும் வருகிறது (ஆதி. 2:25). ஆசாரிய விதியில் வரும் சொல் ‘எர்வா’. வெட்கத்தைக் குறிக்கும் வினை அங்கு இல்லை.

எசேக்கியேல் 44:19 இக்கருத்தை மேலும் தெளிவாக்குகிறது. ஆசாரியர் வெளிப்பிராகாரத்துக்குச் செல்லும்போது பணி உடையைக் களைந்து வேறு உடை உடுத்த வேண்டும். அவ்வுடையின் புனிதம் மக்களைப் பற்றிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். நாணம் பிறர் பார்வையிலிருந்து உடலைக் காப்பது. இங்கோ ஆடையின் புனிதத்திலிருந்து பிறர் காக்கப்படுகின்றனர்.

‘அயலாரின் நிர்வாண வழிபாட்டுக்கு மறுப்பு’ என்னும் விளக்கம்

அயல்நாட்டுக் குருமார் ஆடையின்றி வழிபட்டதை மறுக்கவே இவ்விதி எழுந்தது என்ற விளக்கமும் உண்டு. ஊருக் நகரத்துக் கல்சாடியிலும் ஊர் நகரத்துப் பலகைச் சிற்பத்திலும் ஆடையின்றிக் காணிக்கை ஏந்துவோரும் நீர்வார்ப்போரும் காணப்படுவது உண்மையே. ஆயினும் அவை கி.மு. 3000ஐ ஒட்டியும் அதற்கடுத்த சில நூற்றாண்டுகளிலும் உருவானவை. ஆசாரிய விதிகள் எழுத்துவடிவம் பெற்ற காலத்துக்கு நெடுங்காலம் முற்பட்டவை. மேலும் எகிப்தியக் குருமார் ஆளிநார் ஆடையே அணிந்தனர் என்று ஹெரோடோடஸ் குறிப்பிடுகிறார் (2.37). இசுரவேலரின் உடை அயலாரிடமிருந்து அவர்களைப் பிரித்தது என்று பொதுப்படக் கூறுவதற்கில்லை.

சமூக நாணம் இசுரவேலரிடம் இல்லாமலில்லை. சணல்நூல் ஏபோத்து அணிந்து பெட்டிக்கு முன் நடனமாடிய தாவீதை மீகாள் இகழ்வது அத்தகைய நாணத்தின் அடிப்படையிலேதான் (2 சாமு. 6:20). அது அரண்மனையின் மானத்தைப் பற்றிய பேச்சு; ஆடியது கர்த்தருக்கு முன்பாக என்பதே தாவீதின் மறுமொழி. இரு நோக்குகளையும் அப்பனுவலே வேறுபடுத்துகிறது.

மொழிபெயர்ப்புச் சொற்களின் பங்கு

1871இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு மரபில் இவ்வுள்ளுடை ‘சல்லடம்’ எனப்படுகிறது. குறுங்காற்சட்டையைக் குறிக்கும் இச்சொல் பொருத்தமான தேர்வே. ‘சணல்நூல்’ அவ்வாறன்று. மூலத்திலுள்ளது ஆளிச்செடியின் நாரால் நெய்த துணி. இன்றைய தமிழில் சணல் சாக்கை நினைவூட்டுவதால், வியர்வையைத் தவிர்க்க விதிக்கப்பட்ட இவ்வாடை (எசே. 44:18) உடலை வருத்தும் முரட்டு ஆடையாகத் தோற்றமளிக்கிறது.

‘நிர்வாணம்’ என்னும் சொல் இன்னும் பெரிய மயக்கத்தை விளைவிக்கிறது. ‘எர்வா’ உடலின் குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சுட்ட, நிர்வாணம் ஆடையற்ற முழுநிலையைச் சுட்டுகிறது. இதனால் இடைமுதல் தொடைவரை மட்டுமே பேசும் விதி, உடல் முழுவதையும் மூடுமாறு கூறும் ஒழுக்கப் போதனையாக விரிகிறது. நாணத்தைச் செயலோடு பிணைத்து, தகாத செயலுக்கு நாணுதலே நாண் என்று கூறும் குறள் மரபும் (அதிகாரம் 102) இவ்விரிவுக்குத் துணைநிற்கவில்லை.

கச்சமும் மேலாடையும்

ஒப்பீட்டின் மறுபக்கத்தைச் சிவாச்சாரியார் உடை காட்டுகிறது. பஞ்சகச்சம் கால்களுக்கிடையே துணியை இழுத்துச் செருகிக் கட்டப்படுவது. சல்லடம் மறைக்கும் பகுதியை அதுவும் மறைக்கிறது. கச்சமின்றி உடுத்தியவனையும் மேலாடை இல்லாதவனையும் ஆடையற்றவர் வரிசையில் வைத்து, சடங்குக்குத் தகாதவராகத் தருமசாத்திர மரபு கருதுகிறது. எனினும் அர்ச்சகரின் மேலாடை பூசையின்போது இடுப்பில் கட்டப்படுகிறது, மார்பை மறைப்பதில்லை. மேலாடை இருத்தலே அங்கு வேண்டப்படுகிறது. அது எதை மூடுகிறது என்பது கருதப்படுவதில்லை. ஆடையின்மை என்பது இங்கும் சடங்கால் வரையறுக்கப்பட்ட ஒரு நிலையே.

காலணியின்மையும் இரு மரபுகளையும் அருகே கொணர்கிறது. ஆசாரிய உடைப் பட்டியலில் காலணி இல்லை, பரிசுத்த நிலத்தில் காலணியைக் கழற்றுமாறு மோசேக்குக் கட்டளையிடப்பட்டது (யாத். 3:5). அறப்பளீசுவரர் சன்னிதிக்குச் செல்பவரும் வெறுங்காலுடனேயே செல்கின்றனர். மூடுதலைப் போலவே களைதலும் வழிபாட்டுக்குரிய மரியாதையாகிறது.

ஒற்றுமை இவ்வளவே. புனிதம் ஆடைவழி மக்களைப் பற்றும் என்னும் எசேக்கியேலின் அச்சத்தைச் சிவாச்சாரியார் உடைமீது ஏற்றிக் காண்பதும் பிழையாகும்.

முடிவுரை

யாத்திராகமம் 28:42–43 மனிதர் முன் மனிதர் கொள்ளும் நாணத்தைப் பேசவில்லை. புனித எல்லையில் உடல் எதிர்கொள்ளும் ஆபத்தைப் பேசுகிறது. நிர்வாணம் என்னும் சொல் இவ்வேறுபாட்டை மறைக்கிறது. அதை மறந்து வாசிப்பவர், விவிலிய விதியை ஆடை ஒழுக்கமாகச் சுருக்குவதோடு, திறந்த மார்புடன் பூசை செய்யும் அயலவரை நாணமற்றவராகக் கருதவும் இடமேற்படுகிறது. இரு மரபினரும் ஒரே மலையில் வாழும் சூழலில், இது மொழிபெயர்ப்புச் சிக்கல் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. புதிய மொழிபெயர்ப்புகளும் விரிவுரைகளும் ‘எர்வா’வுக்கு உடற்பகுதியைச் சுட்டும் சொல்லையும், உள்ளுடைக்கு ஆளிநார் என்னும் விளக்கத்தையும் தருமாயின் இம்மயக்கம் பெரிதும் நீங்கும்.