நிழலில் தெரிந்த கலைத்திறன்: ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி

இந்தி சினிமாவின் கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஒளிப்பதிவுக்கு உச்ச உதாரணமாகச் சொல்லப்படும் வி.கே. மூர்த்தி, 1923இல் மைசூரில் பிறந்தவர். பெங்களூரு பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்து 1946இல் டிப்ளமா பெற்றார். பிறகு பம்பாய் ஸ்டுடியோக்களில் உதவியாளராக வேலை பார்த்தார்.

குரு தத் இயக்கிய முதல் படம் 'பாஸி' (1951). அதன் ஒளிப்பதிவாளர் வி. ராத்ரா, மூர்த்தி அவருடைய உதவியாளர். பாடல் காட்சி ஒன்றுக்கு, கண்ணாடியில் விழும் பிம்பத்தை வைத்துச் சிக்கலான ஷாட் ஒன்றை மூர்த்தி யோசனையாகச் சொன்னார். எடுக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. 'ஜால்' (1952) படத்தில் அவரே ஒளிப்பதிவாளர். 'ஆர் பார்', 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55', 'பியாசா' என்று குரு தத்துடனான கூட்டணி வளர்ந்தது.

அதன் உச்சம் 'காகஸ் கே பூல்' (1959). இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். ஆளில்லாத ஸ்டுடியோ தளத்தில் நாயகனும் நாயகியும் விலகி நிற்க, மேலிருந்து ஒளிக்கற்றை ஒன்று சாய்வாக இறங்கும். ஸ்டுடியோ விளக்கின் ஒளி விரிந்து பரவும். சூரியக் கதிர்கள் இணையாக வரும். அதனால் மூர்த்தி விளக்கை நம்பவில்லை. வெளியே பெரிய கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, உள்ளே இன்னொரு கண்ணாடிக்குத் திருப்பி, தளத்தில் விழவைத்தார். கற்றை கண்ணுக்குத் தெரிய லேசாகப் புகை போடப்பட்டது. படம் வசூலில் படுத்தது. ஒளிப்பதிவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

அப்ரார் அல்வி இயக்கிய 'சாஹிப் பீபி அவுர் குலாம்' (1962) இரண்டாவது ஃபிலிம்ஃபேர் விருதைத் தந்தது. அதில் மினு மும்தாஜ் ஆடும் பாடலில் வெளிச்சம் அவர்மீது மட்டுமே விழும். துணை நடனப் பெண்களின் முகங்கள் கடைசிவரை நிழலிலேயே இருக்கும். எங்கே ஒளி விழக் கூடாது என்பதைத் துல்லியமாகத் தீர்மானிப்பதே மூர்த்தியின் பலம்.

1964இல் குரு தத் மறைந்ததோடு அந்தக் கூட்டணி முடிந்தது. தேசியத் திரைப்பட விருதில் ஒளிப்பதிவுக்குத் தனிப் பிரிவு 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. மூர்த்தியின் சிறந்த படங்கள் அதற்கு முன்பே வெளியாகிவிட்டன. 'பாகீசா'வின் ஒரு பகுதி, முன்னாள் உதவியாளர் கோவிந்த் நிஹலானி இயக்கிய 'தமஸ்' தொலைக்காட்சிப் படம், கன்னடத்தில் 'ஹூவு ஹண்ணு' (1993) ஆகியவற்றிலும் அவர் பணியாற்றினார்.

2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு 2010இல் வழங்கப்பட்டது. 1969 முதல் தரப்படும் அந்த விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே. 2014 ஏப்ரலில் பெங்களூருவில் தமது 90ஆவது வயதில் காலமானார்.