பெயரும் எண்ணும்: மியாசாகியின் மாயக்கதைத் திரைப்படமொன்றில் உழைப்பின் இருமுகம்

முற்போக்குத் திறனாய்வு யதார்த்தவாதத்தைத் தனது உரைகல்லாகக் கொண்டுவந்துள்ளமை நாமறிந்ததே. மந்திரமும் மாயமும் மலிந்த படைப்புகளைப் பிற்போக்கானவை என்றோ, சிறுவர்க்கு மட்டும் உரியவை என்றோ ஒதுக்கிவிடும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. அவ்வழக்கத்துக்கு வரலாற்று நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் தொகுதியிலே பண்டத்தின் இயல்பை விளக்கப் புகுந்த மார்க்ஸ், தலைகீழாய் நின்று ஆடும் மேசையைத் துணைக்கழைத்தார் என்பதும், மூலதனத்தை இரத்தம் உறிஞ்சும் பேய்க்கு ஒப்பிட்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. மனிதருக்கிடையிலான உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்ளும் சமுதாயத்திலே அன்றாட வாழ்வே மாயத்தன்மை பெற்றுவிடுகின்றது. அம்மாயத்தின் உட்கிடையை ஒரு மாயக்கதை வெளிப்படுத்தல் கூடுமா? இவ்வினாவை மனத்திற்கொண்டே ஹயாவோ மியாசாகி 2001இல் உருவாக்கிய, 'ஸ்பிரிட்டட் அவே' என்னும் பெயரால் உலகறிந்த யப்பானிய அசைவூட்டத் திரைப்படத்தை நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

பத்து வயதுச் சிறுமி சிஹிரோ, பெற்றோருடன் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்து செல்கையில் வழிதவறிக் கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்காவொன்றை அடைகின்றாள். 1990களின் தொடக்கத்திலே இத்தகைய பூங்காக்கள் எங்கும் கட்டப்பட்டுப் பொருளாதாரம் சரிந்ததும் நொடித்துப்போயின என்று தந்தை விளக்குகின்றார். கதைக்குள் வரலாறு நுழையும் இடம் இதுவாகும். 1980களின் பிற்பகுதியில் யப்பானிலே நிலத்தினதும் பங்குகளினதும் விலை ஊதிப்பெருகியது. 1987இல் இயற்றப்பட்ட உல்லாசத்தல அபிவிருத்திச் சட்டம் அத்தகைய முதலீடுகளுக்கு ஊக்கமளித்தது. அடுத்த தசாப்தத்தின் தொடக்கத்தில் அக்குமிழி உடைந்தது. அந்த இடிபாட்டின் நடுவே, ஆளில்லாத உணவுக்கடையொன்றிற் பெற்றோர் உண்ணத் தொடங்குகின்றனர். கடனட்டையும் காசும் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்று தந்தை கூறுகின்றார். சற்று நேரத்தில் இருவரும் பன்றிகளாகிவிடுகின்றனர். பேராசைக்குக் கிடைத்த தண்டனை என இதனை ஒழுக்கநெறிப்படி மட்டும் வாசித்தல் போதாது. யார் ஆக்கியது, யாருக்காக ஆக்கியது என்ற வினாக்கள் எழாமலே நுகரப் பழகிய ஒரு வர்க்கத்தின் பிரக்ஞை இங்கு உருவம் பெறுகின்றது எனலாம்.

இரவானதும் அப்பூங்கா தெய்வங்கள் நீராட வரும் குளிப்பு மாளிகையின் சுற்றமாகின்றது. அதன் உடைமையாளர் யுபாபா என்னும் சூனியக்காரி. வேலை செய்யாதோர் விலங்காக்கப்படுவர் என்பது அங்குள்ள விதி. சிஹிரோ வேலை கேட்கின்றாள், ஒப்பந்தத்திற் கையெழுத்திடுகின்றாள். உடனே யுபாபா தாளிலுள்ள பெயரெழுத்துகளைக் கையாற் பறித்தெடுத்து, 'சென்' என ஒலிக்கும் ஓரெழுத்தை மாத்திரம் விட்டுவைக்கின்றாள். அவ்வெழுத்தின் பொருள் 'ஆயிரம்' என்பது விதந்துரைக்கத்தக்கது. பெயர் எண்ணாகின்றது, தனியொருத்தியின் குணவேறுபாடு அளவாகச் சுருங்குகின்றது. உழைப்புச் சக்தி பண்டமாகும் நிகழ்வைக் கண்ணாற் காணத்தக்க ஒரு செயலாக இத்துணைச் சுருக்கமாய்க் காட்டிய யதார்த்தவாதப் படைப்புகள் பல என நாம் கூறமாட்டோம். தன் பெயரை மறந்தவர் மீளமுடியாது என எச்சரிக்கும் ஹக்குவோ, தானே பெயரை மறந்த ஓர் ஆறு. அந்த ஆறு தூர்க்கப்பட்டு, அதன்மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

எனினும், இப்படம் உழைப்பை வெறும் சாபமாகக் காட்டுவதில்லை. அதன் சிறப்பு இங்கேயே தங்கியுள்ளது. தொடக்கத்திற் படியிறங்கவே நடுங்கும் சிஹிரோ, துணிகொண்டு தரையைத் துடைத்தோடும் ஏனையோருக்கு ஈடுகொடுக்க இயலாது பின்தங்குகின்றாள். பின்னர் அழுக்கே உருவான விருந்தினரொருவரை நீராட்டும் பணி அவளிடம் விடப்படுகின்றது. அவருடலில் ஏதோ தைத்திருப்பதைக் கண்டுணர்பவள் அவளே. கயிறு கட்டப்படுகின்றது, பணியாளர் யாவரும் ஒன்றுகூடி இழுக்கின்றனர், மிதிவண்டியும் குப்பைகளும் வெளிவர, மாசுற்ற ஆற்றுத் தெய்வம் விடுதலை பெறுகின்றது. கூட்டுழைப்பின் ஆற்றல் முழுமையாக வெளிப்படும் கணம் இது. ஆயின் அக்கூட்டுழைப்பை ஏவிநிற்பவள் யுபாபா. தெய்வம் விட்டுச்சென்ற பொன்துகள் உழைத்தவருக்கன்றி நிறுவனத்துக்கே உரியதென அறிவிப்பவளும் அவளே. ஒரே உழைப்பு மனிதரை ஆக்குகின்றது. அதன் விளைவு அவரிடமிருந்து பறிக்கவும்படுகின்றது. இவ்விருமுகத்தையும் ஒரே காட்சியில் நிறுத்தியமை இப்படத்தின் பெருஞ் சாதனையாகும்.

முகமூடி அணிந்த முகமிலியின் பாத்திரம் இம்முரண்பாட்டை மேலும் வளர்க்கின்றது. அது உள்ளங்கையிலிருந்து பொன் சொரிகின்றது, பணியாளர் மண்டியிடுகின்றனர், அவர்களிற் சிலரை அது விழுங்கவும் செய்கின்றது. ஈற்றில் அப்பொன் வெறும் மண்ணாகின்றது. தனக்கென உள்ளடக்கம் எதுவுமின்றி, விழுங்கியவரின் குரலிலேயே பேசும் இவ்வுருவம் பணத்தின் படிமமன்றி வேறென்ன?

இப்படத்தின் எல்லைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. யுபாபாவின் மாளிகைக்கு மாற்றாக முன்வைக்கப்படுவது அவளது இரட்டைச் சகோதரி செனிபாவின் சதுப்புநிலக் குடிசை. அங்கு நூல் நூற்றுக் கையாற் பின்னிய தலைமுடி நாடாவொன்று சிஹிரோவுக்கு நட்பின் பரிசாகக் கிடைக்கின்றது. பரிமாற்றப் பெறுமதிக்கு எதிரே பயன்பெறுமதி வைக்கப்படுவதை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் அது கடந்துபோன கைத்தொழில் வாழ்வின் ஏக்கமாகவே நின்றுவிடுகின்றது. முடிவிலும், ஒப்பந்தம் அழிவது சிஹிரோவுக்கு மட்டுமே. ஒருநாள் இவ்விடத்தை விட்டுப் புகைவண்டியேறிப் போகவேண்டுமெனக் கனவுகாணும் பணிப்பெண் லின் அங்கேயே இருக்கின்றாள். அவளும் ஏனையோரும் சிஹிரோவின் வெற்றிக்காக ஆரவாரிக்கின்றனர். ஆனால் மாளிகை அசையவில்லை. தனியாள் மீட்சி கூட்டு விடுதலையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இது படைப்பாளியின் தனிப்பட்ட குறைபாடு மாத்திரமன்று. 1963இல் டோயி அசைவூட்டக் கலையகத்திற் சேர்ந்த மியாசாகி மறு ஆண்டே அங்குள்ள தொழிற்சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர். அச்சங்கத்தில் அவரது தோழராயிருந்த இசாவோ தக்காஹத்தா 1968இல் இயக்கிய 'ஹோருஸ்' படம் ஓர் ஊர்மக்கள் ஒன்றுபட்டுப் போராடுவதைச் சித்திரித்தது. அந்த நம்பிக்கைக்கும் இந்த மீட்சிக்கும் இடையிலான தூரம் ஒரு தலைமுறை யப்பானிய இடதுசாரிகள் கடந்துவந்த தூரமாகும்.

உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்தல் பொருந்தாது. இப்படத்தின் நிறமூட்டல் கணினியில் நிகழ்ந்தபோதிலும், அதன் அசைவுகள் தாளிற் கையால் வரையப்பட்டவை. சிஹிரோ சப்பாத்தை மாட்டி நுனிக்காலைத் தரையில் தட்டும் சிறு செயல்கூட ஒருவரது பல மணிநேர உழைப்பாகும். உழைப்பைப் பற்றிய படம் உழைப்பின் சுவட்டைத் தன் மேனியிலேயே தாங்கியுள்ளது. அவ்வுழைப்பின் ஒரு பகுதி தென் கொரியக் கலையகமொன்றில் நிகழ்ந்தது. பொன்னாசையைச் சாடிய இப்படைப்போ யப்பானில் 3,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டி, 2020 வரை முறியடிக்கப்படாத வசூற் சாதனையை நிலைநாட்டியது. 2002இல் பேர்லின் விழாவின் தங்கக் கரடி விருதையும், 2003இல் ஒஸ்கார் விருதையும் அது பெற்றது. முதலாளித்துவச் சந்தை தன்மீதான விமர்சனத்தையும் விற்றுவிடவல்லது.

ஆயினும் விற்கப்பட்டதனால் விமர்சனம் பொய்த்துவிடுவதில்லை. பெயர் எண்ணாக்கப்படுவதை ஒரு சிறுமியின் கண்களினூடாக இப்படம் காட்டிவிட்டது. லின்னும் அவளது தோழரும் தம் பெயர்களை மீட்கும் கதை இன்னும் சொல்லப்படவில்லை. அக்கதை மாயக்கதையாகத்தான் வருமெனினும், அதனை வரவேற்க முற்போக்குத் திறனாய்வு தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளல் வேண்டும்.