படுகளத்தில் அறம்

கொடுங்கோன்மையை எதிர்த்துப் படையெடுத்தல் அறமாகுமா என்னும் வினா, கற்பனையுலகில் எளிதாகத் தோன்றும். கணினி விளையாட்டில் கொடிய வேந்தனை வீழ்த்தும் இளைஞன், ஆங்கு மடிவோர் உயிருடையோர் அல்லர் என அமைதி கொள்வான். ஆயின், உயிரற்ற உருவின்மீது நிகழும் கொலைக்கும் அறம் வினவும் ஆட்டமொன்று நம்மிடை உண்டு. மணலூர்பேட்டை உள்ளிட்ட தென்பெண்ணைக் கரை நாட்டில் வேரூன்றிய பாரதக் கூத்தே அது. வில்லிபுத்தூராரை ஈன்ற திருமுனைப்பாடி நாடும் இப்பகுதியதே.

திரௌபதியம்மன் விழாவின் இறுதியில், மண்ணாற் சமைத்த துரியோதனன் உருவம் களத்திற் கிடக்கும். வீமன் வேடம் பூண்டோன் அதன் தொடையைப் பிளப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். இம்முடிவிற்குக் கூத்து விரைந்து செல்வதில்லை. அவையில் இழைத்த கொடுமை, மூத்தோரின் வாய்மூடல், பதின்மூன்றாண்டு பொறுமை, ஐந்தூரும் ஐந்தில்லமும் வேண்டிய கண்ணன் தூது ஆகிய யாவும் கழிந்த பின்னரே படை எழுகின்றது. வேறு வழி அடைபட்டமையே போருக்கு உரிமை நல்குகின்றது என்க.

பாரதியார் 1912-இல் முதற்பாகம் வெளியிட்ட ‘பாஞ்சாலி சபதம்’ சூளுரையோடு நின்றுவிடுகின்றது. கொடுமையைக் கண்டும் தடுக்காது புலம்பி நின்ற ஊராரை அவர் கடுமையாக இகழ்கின்றார். சினம் அறமாதலை அவர் நிறுவினார். அச்சினம் செய்யும் கொலையை அவர் பாடவில்லை. கூத்தோ அதனையும் காட்டுகின்றது. காட்டியபின், பல ஊர்களில், வீழ்ந்தவன் தேவியைக் களத்திற்கு அழைத்துப் புலம்பவும் விடுகின்றது. செயலுக்கு முன் எழும் புலம்பல் கோழைமை. செயலுக்குப் பின் எழும் புலம்பலோ அறத்தின் கணக்கு.

தொடையில் அடித்தல் கதைப்போரின் முறையன்று. காரணம் நேரியதாயினும் செயல் அனைத்தும் நேரியதாகாது என்பதற்கு இதுவே சான்று. அசுவத்தாமன் உறங்கிய இளம் பாண்டவரைக் கொன்றதும் அப்போரின் விளைவே. பகைவன் தீயவனாதலால் அவன் சாவு எண்ணத்தக்கதன்று எனக் கூறும் ஆட்டம், கொடுங்கோலன் கொள்கையையே நமக்குப் பயிற்றுவதாகும்.

எனவே, கற்பனையுலகிலும் கிளர்ச்சி அறமாதல் கூடும். வென்றோன் கணக்கிலிருந்து வீழ்ந்தோன் கண்ணீரை நீக்காத வரையில். மண்ணுருவிற்கும் அழுதற்கு ஆளை நிறுத்திய நாட்டார் இதனை நன்குணர்ந்தோராவர்.